வலி மாத்திரையின் பிடி

வயல் வேலை என்பது குனிந்தும் சுமந்தும் செய்கிற வேலை. நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பிலும், கடலைச் செடி பிடுங்குகிறவர்களுக்கு முழங்காலிலும், மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தோளிலும் வலி உண்டாவது இயல்பே. முன்னாளில் இவ்வலிக்கு ஒத்தடமும் தைலமும் ஓய்வுமே மருந்தாக இருந்தன. இக்காலத்திலோ பேருந்து நிற்குமிடத்திற்கு எதிரிலேயே மருந்துக்கடை இருக்கிறது, கை நீட்டினால் மாத்திரை கிடைக்கிறது, அரைமணி நேரத்தில் வலி அடங்குகிறது, வேலை நடக்கிறது. இதில் என்ன தீங்கு என்று நானும் பல ஆண்டுகள் எண்ணியதுண்டு. வட்டாரத்தைச் சுற்றி வரும் பணியில் எனக்கும் முதுகுவலி உண்டு. என் கைப்பெட்டியிலும் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

2022ஆம் ஆண்டு மே முதல் தேதி, எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் கிராம சபை கூடியது. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூறு நாள் வேலை ஆகியவை பற்றிப் பேசி முடித்த பின்னர் ஓர் அம்மையார் எழுந்து நின்றார். தம் கணவர் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார் என்றும், இரண்டு கறவை மாடுகள் விலைபோய்விட்டன என்றும், மருந்துக்கடையை மூடவேண்டும் அல்லது தம் கணவரை எங்கேனும் கொண்டுபோய் அடைக்கவேண்டும் என்றும் அழுதபடி முறையிட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். ஒருவர், "குடிக்கிறவன் குடிக்கிறான், இவர் விழுங்குகிறார், அவ்வளவுதானே ஐயா" என்றார். அந்தச் சிரிப்பில் நான் கலந்துகொள்ளவில்லை. எனினும் என் எண்ணமும் அப்போது அதற்கு வெகு தூரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுவாரம் அவர் வீட்டிற்குச் சென்றேன். ஐம்பது வயது கடந்தவர். இரண்டு ஏக்கர் கடலையும் ஓர் ஆழ்துளைக் கிணறும் உடையவர். மது அருந்தும் வழக்கம் இல்லாதவர். இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்துகொண்டிருந்தார். மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து நான்கு துண்டாகக் கிழியும் நிலையில் இருந்தது அது. அதில் காலை ஒன்று, இரவு ஒன்று, பத்து நாட்களுக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பத்து நாள் சீட்டைக் கொண்டு இரண்டரை ஆண்டுகள் மாத்திரை வாங்கியிருக்கிறார், கடைக்காரரும் கொடுத்திருக்கிறார். நாளைக்கு இரண்டு என்று தொடங்கியது எட்டாகிவிட்டது. "நிறுத்திப் பார்த்தேன் ஐயா. மூன்றாம் நாள் இடுப்பு மட்டுமன்று, உடம்பு முழுவதும் முறிந்ததுபோல் ஆகிவிட்டது. எலும்பு சேரவில்லை போலிருக்கிறது என்று மறுபடி போட்டுக்கொண்டேன்" என்றார்.

இந்தக் கடைசிச் சொற்களில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அச்சீட்டைப் பார்த்துவிட்டு எடுத்துச் சொன்ன பிறகே விளங்கியது. அவரிடம் கேட்டறிந்தவற்றையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் நம் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளும்பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், இபுபுரூபன் ஆகியவை ஓர் இனம். வீக்கத்தைத் தணிப்பதன் மூலம் வலியைக் குறைப்பவை இவை. இவற்றை நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் உண்டாகிக் குருதி கசியலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகக் கேடு இன்னும் எளிதில் வரும். (மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோபெனாக், அம்மாடு இறந்தபின் அதன் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவ்வினத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை அரசாங்கம் 2006ஆம் ஆண்டில் தடை செய்தது.) பாராசிட்டமால் தனி வகை, அளவு மீறினால், அதிலும் மது அருந்துகிறவர்களுக்கு, கல்லீரலைக் கெடுக்கும். இவற்றின் தீங்கு பெரிதே. ஆனால் இவை மனிதனைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

பிடித்து வைத்துக்கொள்பவை அபினின் குணமுடைய மருந்துகள். மார்பின், கோடீன், டிராமடால், டாபென்டடால் முதலியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்ப்புறங்களில் அதிகம் காணப்படுவது டிராமடால். அது பல நேரங்களில் பாராசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருகிறது. ஆகவே விழுங்குகிறவர், தாம் காய்ச்சல் மாத்திரையின் உறவு ஒன்றை விழுங்குவதாகவே எண்ணுகிறார். நம் கிராமத்து நண்பருடைய மாத்திரையும் இத்தகையதே. தம் வீட்டில் அபின் இனத்து மருந்து இருக்கிறதென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அபின் நம் மூத்தோர்க்குப் புதிய பொருளன்று. உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அழும் குழந்தை உறங்குவதற்காகச் சிறிதளவு கொடுத்த தாய்மார்களும் உண்டு. மருத்துவத் தேவைக்கன்றி அபின் விற்பது 1959ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. கடையில் உருண்டையாக விற்றபோது அதன் தன்மையை யாவரும் அறிந்திருந்தனர். அதே குணம் வெள்ளை மாத்திரையாகவும் பளபளக்கும் அட்டையாகவும் வரும்போது அறிவதில்லை.

இனி, உடலில் நிகழ்வது என்ன என்று பார்ப்போம். வலியைத் தணிக்கும் பொருள்களை நம் உடலே சிறிதளவு சுரந்துகொள்கிறது. 1975ஆம் ஆண்டையொட்டி விஞ்ஞானிகள் இதனைக் கண்டறிந்தனர். அப்பொருள்கள் போய்ச் சேருகின்ற அதே இடங்களில்தான் அபின் இனத்து மருந்தும் போய் அமர்கிறது. வலி தணிகிறது, மனத்திலும் ஓர் இதம் தோன்றுகிறது. ஆனால் மூளை இந்த வெளிப்பாரத்தை நெடுநாள் பேசாமல் சுமப்பதில்லை. ஏற்றம் இறைத்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏற்ற மரத்தின் ஒரு முனையில் சாலின் பாரம் கூடினால் மறுமுனையில் எதிர்ப்பாரத்தைக் கூட்டுவார்கள். மூளையும் அப்படியே செய்கிறது. மாத்திரை எதை அடக்குகிறதோ அதை எழுப்பும் வேலையை மூளை முடுக்கிவிடுகிறது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, பழைய அளவு மாத்திரை போதாமல் போகிறது. இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. இரண்டாவது, மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சால் அறுந்த ஏற்ற மரம்போல எதிர்ப்பாரம் ஒரே வீச்சில் மேலே தூக்கி எறிகிறது.

அந்த வீச்சின் அடையாளங்களை ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், வியர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, குமட்டல், தூக்கமின்மை, பதற்றம், உடல் முழுவதும் வலி. கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு நாள் அளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சம் அடைந்து, ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்று மேலாகத் தணியும். டிராமடாலை நிறுத்தும்போது சிலருக்கு மனக்குழப்பமும் மிகுந்த அச்சமும் தோன்றும். இவற்றுள் உடல்வலி என்ற ஒன்றுதான் மக்களை ஏமாற்றுகிறது. மருந்து விட்டதனால் வந்த வலியை, நோய் திரும்பியதனால் வந்த வலி என்று நோயாளி எண்ணுகிறார். எலும்பு சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகியும் சேரவில்லையென்று நம் நண்பர் நினைத்தது இதனால்தான். மாத்திரை போட்டதும் வலி நீங்குகிறது. ஆகவே மாத்திரை இன்னும் வேண்டும் என்பது உறுதியாகிறது. எந்த நோய்க்காகத் தொடங்கினாரோ அது போய்விட்டது; மாத்திரையே புதிய நோயாகி, தனக்குத் தானே மருந்தாகவும் இருக்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. இவ்வின மருந்தை நெடுநாள் உண்பதனால் சிலருக்கு வலியை உணரும் கூர்மையே அதிகமாகிவிடுகிறது. முன்பு வலிக்காத தொடுதலும் வலிக்கிறது. தலைவலிக்கு மாத்திரை போடுகிறவர்களிடம் இதை ஒத்த ஒன்றைக் காணலாம். சாதாரண மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாட்களோ, அபின் இனத்து மாத்திரையைப் பத்து நாட்களோ மாதந்தோறும் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். தினந்தோறும் தலைவலி என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டிருக்கும் பெண்மணிகளைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது நான் முதலில் கேட்பது, எத்தனை மாத்திரை போடுகிறீர்கள் என்பதுதான்.

இவ்வளவு இன்னலுக்கும் ஈடாக வலியாவது நன்கு தீர்கிறதா என்றால், நாட்பட்ட முதுகுவலி, மூட்டுவலி ஆகியவற்றில் அதுவும் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய வலியுடைய 240 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவாருக்கு அபின் இனத்து மருந்துகளும் மற்றொரு பிரிவாருக்குச் சாதாரண வலி மருந்துகளும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். 2018இல் வெளியான அதன் முடிவின்படி, அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றலில் இரு பிரிவாருக்கும் வேறுபாடு இல்லை. வலியோ சாதாரண மருந்து உண்டவர்களுக்கே சற்றுக் குறைவாக இருந்தது. புதிதாக வந்த முதுகுவலி, கழுத்துவலி உடையவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நடத்திய சோதனையில், அபின் இனத்து மருந்து வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை என்று 2023இல் தெரிவித்தனர். அறுவைக்குப் பின் சில நாட்களுக்கும், எலும்பு முறிந்த வேளையிலும் இம்மருந்து பேருதவி செய்யும். ஆண்டுக்கணக்கில் முழங்கால்வலிக்கு உண்பதற்குரியது அன்று அது.

புதிய மருந்து ஒவ்வொன்றும் வரும்போது, இது பழக்கமாகாது என்று சொல்லிக்கொண்டே வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஹெராயின் என்ற பொருளை 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பர்டியூ நிறுவனம் 1996இல் ஆக்சிகான்டின் என்னும் வலி மாத்திரையை வெளியிட்டு, அதனால் அடிமையாகும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களிடம் பரப்பியது. பின்னர் 2007இல், மக்களைத் தவறான வழியில் நம்பவைத்த குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் மருத்துவச் சீட்டில் தொடங்கிய பழக்கம் அந்நாட்டில் ஊர் ஊராகப் பரவிவிட்டது. சீட்டு கிடைக்காதவர்கள் கள்ளச் சந்தைப் பொருளுக்குச் சென்றனர். 2021ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அபின் இனத்துப் பொருள்கள் அளவு மீறியதனால் அங்கே 80,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இவர்களுள் பெரும்பாலோர் கள்ளச் சந்தையில் வந்த பென்டனில் என்ற பொருளால் மாண்டவர்கள். டிராமடாலும் 1977இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது பயமற்ற மருந்தென்றே பெயர் பெற்றிருந்தது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. டிராமடால், கோடீன் போன்றவை எச்1 என்ற அட்டவணையில் இருக்கின்றன. 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன்படி, மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றைக் கொடுக்கக்கூடாது. கொடுக்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்தின் அட்டையிலும் சிவப்புக் கட்டத்துள் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டது. ஆனால் பத்து நாள் சீட்டு இரண்டரை ஆண்டுகள் செல்லுபடியாகும் ஊரில் சட்டப் புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கடைக்காரரோடு சண்டையிட வேண்டியதில்லை. சிவப்புக் கட்டம் உள்ள மாத்திரையைப் பழைய சீட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் நால்வர் சென்று சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் கேட்பார்கள். கேளாதவர் இருந்தால் மாவட்டத்து மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். சீட்டே இல்லாமல், அட்டையிலிருந்து பிரித்த நான்கைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் "செட் மாத்திரை" வழக்கம் இதைவிடப் பொல்லாதது. அதில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு இருந்தால் அதையும் நெடுநாள் உண்டபின் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இதைப் படித்தவுடன் வீட்டிலுள்ள மாத்திரையை எடுத்து எறிந்துவிடுவோர் இருக்கக்கூடும். அவ்வாறு செய்யலாகாது. நம் நண்பருடைய மனைவியும் அதைத்தான் செய்தார். மாத்திரையை ஒளித்து வைத்தார். கணவர் மூன்றாம் நாள் கடன் வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். நெடுநாள் உண்டவருக்கு மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் உண்டவர்களுக்கு மாதம் பத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் மெதுவாகக் குறைப்பது பெரும்பாலும் தாங்கத்தக்கது என்று 2022இல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அவரவர் நிலையைப் பார்த்து மருத்துவர் இதை முடிவு செய்வார். புற்றுநோயால் துன்புறுவோருக்கும், உயிர் பிரியும் காலத்து வலியில் கிடப்போருக்கும் மார்பின் கொடுப்பது வேறு விஷயம். அங்கே பழக்கத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அத்தகைய நோயாளியிடமிருந்து, அபின் என்ற பெயரைக் கேட்டு மருந்தைப் பிடுங்குவது கொடுமை.

மாத்திரையை உண்டுகொண்டிருக்கும் நாட்களில் காக்கவேண்டியவை சில உண்டு. மதுவோடும், தூக்க மாத்திரையோடும் இதைச் சேர்த்தால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கி உயிர் போகலாம். எழுப்பியும் எழாமல், குறட்டைபோல் தயங்கி மூச்சு விடுபவரைக் கண்டால் உறங்கட்டும் என்று விட்டுவிடாமல் 108க்குச் சொல்ல வேண்டும். டிராமடால் அளவு மீறினால் வலிப்பும் வரும். இதை உண்டுவிட்டு டிராக்டர் ஓட்டுவதும், தென்னை ஏறுவதும், கிணற்றில் இறங்குவதும் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சாமிப்படத்தின் கீழே திறந்த தட்டில் மாத்திரை வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் நம் நண்பரை மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கேதான் தகராறு வந்தது. "என் அண்ணனுக்குப் பைத்தியமா?" என்று தம்பி சீறினார், அவர் வார்டு உறுப்பினர். மருந்துப் பழக்கத்துக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் அப்பிரிவில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி அவரை இணங்கச் செய்ய மூன்று வாரம் பிடித்தது. எலும்பு முறிந்தவன் எலும்புப் பிரிவுக்குப் போவதில் இல்லாத மானக்கேடு இதில் மட்டும் ஏன் என்று அந்த அம்மையார் கேட்ட பிறகே தம்பி வாய் மூடினார்.

குறைப்பதற்கு ஏறத்தாழ ஏழு மாதம் ஆயிற்று. எட்டு ஏழாயிற்று, ஏழு ஆறாயிற்று. நான்கில் வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் அமைதி இல்லை. மாத்திரை டப்பா மனைவியின் பொறுப்பில் இருந்தது. அவரும் ஒளித்து வைக்கவில்லை, இவரும் திருடவில்லை. இதற்கிடையில் மற்றோர் உதவி கிடைத்தது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு வீட்டிற்கே மருந்து கொடுப்பதோடு இயன்முறை சிகிச்சையும் அளிக்கிறார்கள். அந்தச் சிகிச்சையாளர் வீட்டிற்கு வந்து, இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தும் பயிற்சிகளைக் கற்பித்தார். அறுவைக்குப் பிறகு செய்திருக்க வேண்டிய பயிற்சி அது. மாத்திரை வேலை செய்ததனால் அதை யாரும் நினைக்கவில்லை.

ஊராட்சியில் செய்யத்தக்கது என்னவென்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கிராம சுகாதாரக் குழுவின் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம். நாட்பட்ட வலிக்கு ஆறு மாதத்திற்கு மேல் மாத்திரை உண்பவர்கள் தங்கள் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஒருமுறை சென்று காட்டும்படி செவிலியர் மூலம் சொல்லி அனுப்பலாம். பையோடு போவதுதான் முக்கியம். பெயர் சொல்லத் தெரியாதவர்க்கும் அட்டை பேசும். எவர் வீட்டில் எத்தனை மாத்திரை என்பதைச் சபையில் படிக்கலாகாது. அந்த அம்மையார் எழுந்து நின்ற அன்று கேட்ட சிரிப்பு ஒன்றே போதும். நேரில் செல்லக் கூச்சப்படுவோர் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணிலும், போதைப் பழக்கம் பற்றிய ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது.

சென்ற கார்த்திகையில் அவ்வூர் வழியாகப் போனேன். கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வலி போய்விட்டதா என்று கேட்டேன். "இருக்கிறது ஐயா. மழை வந்தால் கூடுகிறது. உச்சிப்பொழுது வரையில் வேலை செய்வேன், பிறகு படுத்துவிடுவேன்" என்றார். மாடு ஒன்று மறுபடி வாங்கியிருக்கிறார்கள். பழைய மருந்துச் சீட்டை என்ன செய்தீர்கள் என்றதற்கு, அதை மனைவி அடுப்பில் போட்டுவிட்டதாகவும், அதற்கு முன் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்ததாகவும் கூறினார்.